பதினொரு நிமிஷம் பாக்கி

எங்கள் பாபின் தெருவுக்குப் பின்னால் இருக்கிற மில் மைதானத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழாம் வருஷம் மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மேலே போன பந்து, நூறு வருஷமாகக் கீழே வரவில்லை. வடக்கு கோல் போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பனைமரத்துக்குச் சற்று மேலான உயரத்தில், வாயில் நாடா போட்டுக் கட்டிய பழைய காலத்துத் தோல் பந்தாக அது அப்படியே நின்றுகொண்டிருந்தது, காற்றடித்தால் ஆடாமல், மழை பெய்தால் தையல் ஓரமெல்லாம் கறுத்து, வெயில் வந்தால் மறுபடி பழைய நிறத்துக்குத் திரும்பி. முதல் வாரம் பட்டணத்தின் நாலு மூலையிலிருந்தும் ஜட்கா வண்டி பிடித்து ஜனங்கள் வந்து பார்த்தார்கள், இரண்டாவது வாரம் மில் துரை ஒருவர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார், குண்டு பந்தைத் தொட்டுவிட்டு மைதானத்தின் தெற்கு மூலையில் போய் விழுந்தது, மூன்றாவது வாரம் வெயில் ஏறிக் குழாயில் தண்ணீர் நின்றுபோனதால் தெருவுக்குப் பந்தைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் போயிற்று.

அதற்கப்புறம் அது எங்களுக்கு விளக்குக் கம்பம் மாதிரி ஒரு சமாசாரம் ஆகிவிட்டது. பந்தின் நிழல் குழாயடியைத் தொட்டால் தண்ணீர் விடுகிற நேரம், மில் மதில்மேல் ஏறினால் இரண்டாவது ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிற நேரம். அதற்கு நேர் கீழே மட்டும் வடாம் காயப்போட மாட்டார்கள், மேலே எப்போதும் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கும். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் மாடியிலிருந்து பந்து தெரியும் என்று சொல்லி ஆள் பிடித்தார்கள். ஒரு தேர்தலில் ஒரு கட்சிக்காரர்கள் சாரம் கட்டி ஏறித் தங்கள் கொடி நிறத்தைப் பூசினார்கள், அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர்கள் ஏறிச் சுரண்டினார்கள். மாநகராட்சி ஆட்கள் தகரத்தில் ஒரு நம்பர் அடித்துக்கொண்டு வந்து, மேலே மாட்ட வழியில்லாமல் கோல் போஸ்டில் மாட்டிவிட்டுப் போனார்கள். பிற்பாடு பக்கத்து மனையில் அடுக்குமாடி கட்ட வந்தவரிடம் ஆறாவது மாடி பந்தில் இடிக்கும், ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள், அவரும் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்திக்கொண்டார்.

எதையும் பழகிக்கொள்வதில் எங்கள் தெருவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பந்து ஏன் இறங்கவில்லை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. யார் உதைத்த பந்து என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் மட்டும் பதில் தயாராக இருந்தது: போருக்குப் போய் மெடல் வாங்கி வந்த எத்திராஜு உதைத்த பந்து. அதற்குப் பேரே எத்திராஜு பந்து. பஸ் நிறுத்தத்துக்கும் அந்தப் பேர்தான், ரேஷன் கார்டில் விலாசத்துக்கும் அந்தப் பேர்தான். அது பொய், தெருவில் மூத்தவர்கள் எல்லோருக்கும் அது பொய்யென்று தெரியும். அந்தப் பொய்யின்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் என்னோடு சேர்ந்து பிறந்தது, அதை ஆற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

உதைத்தவன் கன்னியப்பன், என் அப்பாவுக்குத் தாத்தா. பிராட்லி மில்லில் அவன் பேர் நூற்புக் கட்டில், அதாவது நூல் நூற்கிற பிரிவில், இருந்தது, ஆனால் அவன் கையால் ஒரு இழை நூல்கூட முறுக்கியதில்லை, ஏனென்றால் மில் அவனை எடுத்தது பந்தாடுவதற்கு. பந்தாடிப் பிழைக்கிற ஆள் என்று பட்டணத்தில் அதற்கு முன்னால் யாரும் கேள்விப்பட்டதில்லை. மற்ற ஆட்களிடம் கைநாட்டு வாங்கிய மில், எங்களுக்கு வேண்டியது இவன் கை இல்லை என்று சொல்லி அவன் இடது பாதத்தில் மை தடவி ஒப்பந்தக் காகிதத்தில் பதித்துக்கொண்டது. சம்பளம் போக, போடுகிற ஒவ்வொரு கோலுக்கும் ஒரு கெஜம் துணி. அவன் அந்தத் துணியை வீட்டில் அடுக்கிவைக்காமல் வாசலிலேயே கிழித்துக் கேட்டவர்களுக்குக் கொடுத்தான், அதனால் ஒரு வருஷம் எங்கள் தெருவே அவன் போட்ட கோலை உடுத்திக்கொண்டு திரிந்தது, மாப்பிள்ளை அவன் கோலில் தாலி கட்டினான், பிறந்த குழந்தை அவன் கோலில் ஏணை தூங்கியது, செத்தவரை அவன் கோலால் போர்த்தி எடுத்துப் போனார்கள்.

அப்படி உடுத்திக்கொண்டவர்கள்தான் அந்தச் சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டார்கள். அதை நான் மறக்கமாட்டேன், நான் அப்போது பிறக்கவேயில்லை என்றாலும்.

நடந்தது இது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, இராக்கில் இருக்கிற பஸ்ராவில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கவும் ரயில் பாதை போடவும் மில்லிலிருந்து நாற்பது ஆட்கள் வேண்டும் என்று சர்க்கார் கேட்டது. மனமுவந்து யாரும் போகாததால் மில் வழக்கப்படி கூடையில் நூல் சுற்றிய பாபின் கட்டைகளைக் கொட்டிச் சாக்கால் மூடி, ஒவ்வொருவராகக் கைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை நூல் வந்தால் வீட்டுக்கு, சிவப்பு நூல் வந்தால் கப்பலுக்கு. அன்று காலை பலராம மேஸ்திரியின் மகன் எத்திராஜுவின் கையில் சிவப்பு நூல் வந்தது. மேஸ்திரி என்றால் சாதாரண ஆள் இல்லை, தெருவில் யாருக்கு வேலை, யாருக்குக் குடிசை, யாருக்கு இரண்டும் இல்லை என்று முடிவு செய்கிற ஆள். கன்னியப்பன் கைக்கு வெள்ளை நூல்தான் வந்தது, அதைக் காலில் கட்டிக்கொண்டு சாயங்காலம் ஆட வந்தான்.

நூற்புக் கட்டுக்கும் தறிக் கட்டுக்கும் ஆட்டம். இரண்டுக்கு இரண்டு. தறிக் கட்டுக்குக் கோல் காக்கிற கோலி எத்திராஜு. ஆட்டம் முடியப் பதினொரு நிமிஷம் இருக்கும்போது கன்னியப்பன் பாதி மைதானத்திலிருந்து வெறுங்காலால் ஒன்று விட்டான், அது எழும்பி, எத்திராஜுவின் தலைக்கு மேலே போய், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நின்றது. அந்த நேரம் பார்த்து ஆட்களைக் கூட்டிப்போக ஹவில்தார் மைதானத்துக்குள் வந்தார், எத்திராஜு யார் என்று கேட்டார், பலராம மேஸ்திரி விரலை நீட்டிக் கன்னியப்பனைக் காட்டினார். கன்னியப்பன் நான் இல்லை, நான் இல்லை என்று கத்தினான், தெருக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான், நான் யாரென்று சொல்லுங்கள் என்று கேட்டான். ரெஃப்ரியாக நின்ற துரைக்கு எல்லாக் கறுப்பு முகமும் ஒரே முகம், அவர் மேலே பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார். தெரு முழுக்க அண்ணாந்து நின்றது.

அதற்கு ஒரே ஒரு பதிலைத்தான் தெரு நூறு வருஷம் வைத்துக்கொண்டிருந்தது. அவனை இழுத்துக்கொண்டு போனபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவன் பெண்டாட்டி தைலம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்க் கேட்டாள், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு. ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில்.

“நாங்க பந்தைப் பாத்துக்கினு இருந்தோம்மா.”

மில் பதிவில் கன்னியப்பன் பேருக்கு நேரே ஓடிப்போனான் என்று எழுதினார்கள். அன்றிலிருந்து எங்கள் வீடு ஓடிப்போனவன் வீடு. அவன் முகம் காணாமல் பிறந்த என் தாத்தா காசி ஓடிப்போனவன் மகன், என் அப்பா ஓடிப்போனவன் பேரன், அப்பாவுக்குப் பெண் கொடுக்க யோசித்தவர்கள்கூட அந்த ஓடுகிற புத்தி இந்தப் பையனுக்கும் இருக்குமோ என்றுதான் யோசித்தார்களாம். எத்திராஜு செங்கல்பட்டில் அத்தை வீட்டு நெல் குதிருக்குப் பின்னால் ஒன்றே முக்கால் வருஷம் இருந்துவிட்டு, சண்டை முடிந்ததும் ரயிலேறி வந்து கப்பலில் வந்ததாகச் சொன்னான். பிற்பாடு தபாலில் வந்த மெடலை மாட்டிக்கொண்டான். மேலே நிற்கிற பந்து யாருடையது என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டபோது கூசாமல் என்னுடையது என்றான், தன் தலைக்கு மேலே தாண்டிப்போன பந்தை. தெரு அதையும் பழகிக்கொண்டது. அறுபத்தொன்றில் செத்தான், அறுபத்திரண்டில் மைதானத்து வாசலில் அவனுக்கு சிமெண்டுச் சிலை வைத்தார்கள்.

தைலம்மா ஒரு காரியம் செய்தாள். முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் பந்துக்கு நேர் கீழே போய் நின்று, இரண்டு கையாலும் மண்ணை வாரி, மேஸ்திரி வீடு இருக்கிற திக்கைப் பார்த்துத் தூற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் தூற்றினாள். அவளுக்குப் பிறகு காசியின் மனைவி, அவளுக்குப் பிறகு என் அம்மா. அம்மா மருமகளாக வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமையே கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம், பட்டுப்புடவை கசங்காமல் எப்படிக் குனிவது என்பதைக்கூடச் சொல்லிக்கொடுத்து. தெரு பெருக்குகிறவர் மண் பறக்கிறது என்று முறையிட்டதால் தண்ணீர் தெளித்துவிட்டுத் தூற்ற ஆரம்பித்தோம். மற்றபடி யாரும் தடுத்ததில்லை, நாலரை மணிக்கு மண் தூற்றுவார்கள், துணியை உள்ளே எடுத்து வை என்று அடுத்த வீட்டுக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

என் பேர் கோமளா. மாநகராட்சிப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, பரீட்சை எழுதிச் சீட்டு வாங்கிய ரெஃப்ரி. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்கிறவர்களிடம் பதினொரு நிமிஷம் பாக்கி இருக்கிறது என்று சொல்வேன், அவர்களுக்குப் புரியாது. பந்தை இறக்க எனக்கு முன்னால் இரண்டு ரெஃப்ரிகள் பார்த்திருக்கிறார்கள், முப்பத்தாறில் ஒரு வெள்ளைக்காரர், அறுபத்திரண்டில் சிலைத் திறப்பன்று ஒருத்தர். ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்குவதாகச் சொல்லி, கடைசியாக உதைத்தவர் பேரை நோட்டில் எழுதிக்கொண்டு, விசில் ஊதினார்கள். பந்து அசையவில்லை. இருவரும் எழுதிய பேர் எத்திராஜு. பந்தாட்டச் சங்க அலுவலகத்தில் அந்த இரண்டு நோட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன, பார்த்த அன்றே, தப்பான பேருக்குப் பந்து இறங்காது என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் ரெஃப்ரி கேள்விப்பட்டதை எழுத முடியாது. எழுதுகிற பேருக்கு அத்தாட்சி வேண்டும்.

அதற்குத்தான் என் வாழ்க்கையில் பதினாறு வருஷம் போயிற்று. மில் மூடியபோது பழைய காகிதங்களைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டார்கள் என்று தெரிந்து, மஸ்தான் பாயின் கடையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்து கட்டுக் கட்டாகப் பிரித்தேன். பாய் முதலில் சிரித்தார், பிறகு எனக்கென்று ஒரு முக்காலி வாங்கிப் போட்டார். நாலாவது வருஷம் அந்தக் காகிதம் கிடைத்தது. நூற்புக் கட்டு, கன்னியப்பன், பந்தாட்டம், கீழே நீல மையில் ஒரு இடது பாதம். சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறிப் படுத்திருந்தது. நான் அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு என் இடது காலைப் பார்த்தேன், என் சுண்டுவிரலும் அப்படித்தான், என் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. மஸ்தான் பாய் எழுந்து ஃபேனை நிறுத்தினார், காகிதம் பறந்துவிடக்கூடாது என்று.

பட்டாளத்துக் காகிதத்துக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. எத்தனையோ அலுவலகத்துக்கு எழுதி, எத்தனையோ பேர் தேடித் தேடி, கடைசியில் ஒரு நல்ல மனுஷி எங்கேயோ ஒரு பெட்டியின் அடியிலிருந்து எடுத்துப் பிரதி அனுப்பினாள். ஒரே தாள், இரண்டு பக்கம். பேர் எத்திராஜு, தகப்பன் பலராமன். அடையாளம்: இடது கால் சுண்டுவிரல் அடுத்த விரல்மேல் ஏறியிருக்கும். பம்பாயில் கப்பல் ஏறினான், பஸ்ராவில் இறங்கினான், ரயில் கட்டை சுமந்தான். வெள்ளைச் சிப்பாய்களோடு நடந்த ஆட்டத்தில் வெறுங்காலால் மூன்று கோல் போட்டான், அதற்காக ஒருநாள் ஓய்வு. மிச்சமெல்லாம் தண்டனை. ஆஜர் எடுக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, காது மந்தமாக இருக்கலாம் என்று ஒரு வரி. டாக்டர் பார்த்தார், காது நன்றாகக் கேட்கிறது என்று அடுத்த வரி. அதற்குக் கீழே, திமிர் என்று எழுதி ஏழு நாள் கூடுதல் வேலை, அப்புறம் பதினாலு நாள், அப்புறம் இருபத்தெட்டு. ஐந்து தடவை. ஒரு தடவைகூட அவன் அந்தப் பேருக்குத் திரும்பவில்லை. பதினெட்டாம் வருஷம் ஜூலை இருபத்திரண்டு, கட்டை சுமக்கும்போது வெயிலில் விழுந்து சாவு, தகப்பனுக்குத் தபால் அனுப்பப்பட்டது.

அந்த வருஷம் ஆடியில் ஒருநாள் பந்திலிருந்து விடாமல் நீர் சொட்டியது, பெண்கள் குடத்தைக் கொண்டுபோய் வைத்து வாயில் விட்டுப் பார்த்து உப்பென்று கொட்டிவிட்டார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவன் உப்பைக் குடம் குடமாகக் கீழே கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன். அழுது முடித்ததும், உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. அறுபத்தொன்றில் செத்த எத்திராஜு பதினெட்டிலேயே செத்துவிட்டதாக எழுதிய காகிதம், சர்க்கார் முத்திரையோடு என் கையில் இருந்தது.

எத்திராஜுவின் பேரன் பாண்டுரங்கன் எங்கள் வட்டாரப் பந்தாட்டச் சங்கத்தின் சேர்மன். எழுபத்திரண்டு வயசு, கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, ஏழைப் பிள்ளைகளுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுப்பார், நோயாளிகளைப் போய்ப் பார்ப்பார். அது எனக்குத் தொந்தரவாகத்தான் இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் வேலை சுலபம். பந்து மேலே போய் நூறு வருஷம் ஆகிறது, பெரிய விழா எடுக்கிறோம், நம் தெருப் பெண் நீதான் ரெஃப்ரியாக நிற்க வேண்டும் என்று அவரே வீடு தேடி வந்தார். நான் இரண்டு காகிதத்தையும் மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், மறுபடி படித்தார், என் அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“நூறு வருசம் ஆய்ப்போச்சு டீச்சர்,” என்றார். “நானா அனுப்புனேன் அவர?”

“நீங்க அனுப்பல சேர்மன். அந்தப் பேர்ல இத்தினி நாளு மாலை வாங்கிக்கினது நீங்கதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விழாவுக்கு வைக்கிற கல்வெட்டில் இரண்டு பேர் பேரையும் போட்டுவிடலாம் என்றார். எத்திராஜு உதைத்தார், கன்னியப்பன் பாஸ் கொடுத்தார் என்று போட்டால் யார் மனசும் நோகாது என்றார். அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் விழாவுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். காகிதம் ஒரு பெண்பிள்ளை கையில் இருந்தால் என்ன செய்துவிடும் என்று நினைத்திருப்பார்.

விழா வெள்ளிக்கிழமை சாயங்காலம். தெரு முழுக்க வந்திருந்தது, தோரணம், நாதஸ்வரம், ஒலிபெருக்கி. பாண்டுரங்கன் வெள்ளை வேட்டி, ஆள் உயர மாலையோடு பந்துக்கு நேர் கீழே, வடக்கு கோல் போஸ்டின் முன்னால் படத்துக்கு நின்றார், எத்திராஜு நூறு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நான் நடு மைதானத்துக்குப் போய் மைக்கை வாங்கினேன். இது புது ஆட்டம் இல்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் நின்ற ஆட்டம், இன்னும் பதினொரு நிமிஷம் பாக்கி என்றேன். பாதம் பதித்த காகிதத்தைப் படித்தேன். பட்டாளத்துக் காகிதத்தை முழுக்கப் படித்தேன், திமிர் என்ற வார்த்தையை இரண்டு தடவை படித்தேன். பிறகு நோட்டை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி பேனா மூடியைத் திறந்து எழுதினேன்.

“உதைச்சது கன்னியப்பன்,” என்று மைக்கில் சொல்லிவிட்டு விசிலை ஊதினேன்.

பந்து இறங்கியது. காக்கை பறந்தது, பந்து நூறு வருஷத்துக்கு முன்னால் எந்த வேகத்தில் இறங்க வேண்டுமோ அந்த வேகத்தில், வளைந்து, உள்ளே இறங்கியது. பாண்டுரங்கன் மேலே பார்த்தார், கோலியின் பேரன் அல்லவா, உடம்பு தானாகவே இரண்டு கையையும் தூக்கியது. பந்து அந்த இரண்டு கைக்கும் நடுவில் புகுந்து, கழுத்து மாலையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, வலையில் போய் அடித்தது. அவர் மல்லாந்து விழுந்தார், அடி ஒன்றும் படவில்லை. நான் கோலுக்கு ஊதி, நடுப்புள்ளியைக் காட்டினேன். மூன்றுக்கு இரண்டு.

தெரு அப்போதுதான் சிக்கிக்கொண்டது. அண்ணாந்து பார்க்க மேலே ஒன்றும் இல்லை. பழக்க தோஷத்தில் நிமிர்ந்தவர்களுக்கு வெறும் வானம்தான் தெரிந்தது, கண்ணைத் தாழ்த்தினால் எதிரே இருக்கிறவர் முகம். டெய்லர் வரதன், தொண்ணூறு வயசு, அவர் அப்பா கன்னியப்பனின் கோல் துணியில் தாலி கட்டியவர், என் அம்மாவிடம் வந்து, “நாங்க பந்தைப் பாத்துக்கினு…” என்று ஆரம்பித்துவிட்டு, அதை முடிக்க முடியாமல் நின்றார். அம்மா கையில் அன்றைய மண் தயாராக இருந்தது. அவள் திக்கை மாற்றிக்கொண்டாள், மேஸ்திரி வீட்டுப் பக்கம் தூற்றாமல் கூட்டத்தைப் பார்த்துத் தூற்றினாள். ஒருத்தரும் முகத்தைத் துடைக்கவில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் வீடு கன்னியப்பன் வீடு. பஸ் நிறுத்தத்துப் பலகையை யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள், தெரு அதையும் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது, அவர்கள் கூசாமல் அந்தப் பேரைச் சொல்வதைக் கேட்க எனக்கு இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. பந்து தானாக உருண்டு நடுப்புள்ளியில் போய் நின்றது, யார் தள்ளியும் நகரவில்லை. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, கோல் வாங்கிய அணிதான் முதலில் உதைக்க வேண்டும், அது சட்டம். தறிக் கட்டின் கோல் முன்னால் நின்ற பாண்டுரங்கன் ஒருத்தர்தான் அந்த அணியில் மிச்சம். அவர் உதைக்க வேண்டுமானால் அணிப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும், பட்டியலில் கோலி எத்திராஜு என்று நான் எழுதியிருந்தேன். அதாவது எத்திராஜு அன்று கோலில்தான் நின்றான், அவன் தலைக்கு மேலேதான் பந்து போனது, அவன் பஸ்ராவைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரு மைதானத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் நடக்க முடியாது என்று மாநகராட்சியும் சொல்லிவிட்டதால், அவர் தாத்தா பேரில் முப்பது வருஷமாக நடத்திய கோப்பை ஆட்டங்கள் நின்றன. அணிகள் வேறு மைதானத்துக்குப் போயின. சங்கத்தில் அவர் நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். சிலையைத் தெருக்காரர்களே ஒரு செவ்வாய்க்கிழமை கயிறு கட்டி இறக்கி ஓரமாகப் படுக்கவைத்தார்கள், அதன்மேல் இப்போது துணி காய்கிறது. அவர் தினமும் நாலரை மணிக்கு மைதானத்துக்கு வந்து நடுப்புள்ளியின் அருகில் நிற்பார், பட்டியலைக் கேட்பார், படிப்பார், திருப்பிக் கொடுப்பார்.

நாற்பத்தோராம் நாள் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தை உதைத்தார். அது ஒரு முழம் உருண்டு நின்றது. அந்தப் பக்கம் அவருக்கு யாரும் இல்லை, இந்தப் பக்கம் எனக்கும் யாரும் இல்லை. பதினொரு நிமிஷமும் அவர் வெயிலில் அந்தப் பந்தின் பக்கத்தில் நின்றார், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முள் பதினொன்றைத் தாண்டியது.

“ஊது டீச்சர்,” என்றார். “முடிச்சுவுடு. அவரு பேரு வந்துருச்சு, எங்க பேரு போயிருச்சு. இன்னும் இன்னா வேணும்?”

நியாயமான கேள்விதான். கையெழுத்து வாங்கியாயிற்று, கோல் எழுதியாயிற்று. ஆனால் கன்னியப்பன் நான் யாரென்று சொல்லுங்கள் என்று இந்த மைதானத்தில் பேர் பேராகக் கூப்பிட்டபோது ஒருத்தரும் திரும்பவில்லை. நேரம் முடிந்தாலும் ரெஃப்ரி ஊதினால்தான் ஆட்டம் முடியும். நான் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, தைலம்மாவின் கொள்ளுப்பேத்தியாக என் முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தேன். பின்னாலிருந்து அவர் டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டார், பிறகு கோமளா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார், குரல் உடைய உடையக் கூப்பிட்டார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கூப்பிட்டால் திரும்பாதது எங்கள் ரத்தத்திலேயே உண்டு, சர்க்கார் காகிதத்தில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறது.